திறந்த தேதி

காக்கி புக்கிட்டில், மூன்றாம் மாடியில்,
சன்னல் இல்லாத அறை என்னுடையது.
ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்று
இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும்.
காலையில் அதன் வாளியை இழுத்தால்
நான்கு லிட்டர் தண்ணீர்.
எங்கும் ஒழுகவில்லை, குழாயும் இல்லை.
நாங்கள் மூச்சுவிடும் காற்றைப் பிழிந்தது.
சூசைராஜ் அதில்தான் தரை துடைப்பார்.

பெயிண்ட் பொறுத்துப் போகும்.
சாயம் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்து நிற்கும்,
செத்துவிட்டதென்று நினைப்பீர்கள்.
குச்சியை அடிவரை விட்டுக்
கால்மணி நேரம் கிண்டினால் எழுந்து வரும்.
ஹார்டனர் அப்படியில்லை.
மூடி திறந்த நிமிடமே
காற்றிலுள்ள நீரோடு பேசத் தொடங்கிவிடும்.
தான் சேர வேண்டிய கிளியர் கோட்டுக்குக் காத்திராமல்
வந்த ஈரத்தோடு இறுகிப்போகும்.
முதலில் ஒரு கலங்கல், அரிசி களைந்த நீர்போல்.
பிறகு விளிம்பில் கற்கண்டு.
பிறகு டப்பா உப்பும்.
உப்பிய டப்பாவை நான் திறப்பதில்லை.

அதனால்தான் இந்த மார்க்கர் பேனா.
ஆலை அச்சடித்த தேதி ஆலைக்கு.
மூடிமேல் நான் எழுதும் திறந்த தேதி எனக்கு.
விளிம்பைத் துடைத்து, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி,
பாதிக்குக் கீழே போனால் சின்ன டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.
காலி இடத்தில் முதலில் குடியேறுவது காற்று.

பிப்ரவரியில் ஜோசஃபின் டான் வந்தார்.
பத்து வருடம் முடிய
ஐந்து மாதம் மிச்சமிருந்த கார்.
சிஓஇ புதுப்பிக்கப் போவதில்லை என்றார்.
கூரையில் கிளியர் கோட் வெயிலில் தோலுரிந்திருந்தது.
“முழுக்க அடியுங்கள். அதே பச்சை.”
முதலாளி டியோ கால்குலேட்டரை இரண்டு முறை தட்டினார்.
“மேடம், ஜூலையில் நசுக்கப் போகிற வண்டி.”
“அதனால்தான் அவசரம்.”

அன்று நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.
புது ஹார்டனர் வர இரண்டு நாளாகும்.
அலமாரியில் ஒன்று இருந்தது,
என் கையெழுத்தில், நவம்பர் ஒன்பது.
கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
தெளிவாகத்தான் தெரிந்தது, தெளிவாகத் தெரிய வேண்டுமென்று பார்த்ததால்.
சில மாதம்தானே என்று எண்ணினேன்.
எண்ணியது டப்பாவையா, காரையா
என்று இப்போது கேட்டால் தெரியாது.

மறுநாள் பானெட்டில் விரல் வைத்தார் சூசைராஜ்.
எடுத்தபோது ரேகை அங்கேயே இருந்தது.
மூன்றாம் நாளும் ஒட்டியது.
மழைக்குப் பிறகு வந்த ஈசல் ஒன்று
இடது கதவில் இறங்கி
சிறகுகளை விட்டுவிட்டுப் போயிருந்தது.

சுரண்டினோம், தேய்த்தோம், மறுபடி அடித்தோம்.
செலவில் பாதி என் சம்பளத்தில்.
டியோ ஒன்றும் கேட்கவில்லை.
அறைக்கு வந்து மூடிகளிலுள்ள தேதிகளை
ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் போனார்.

ஜோசஃபின் வண்டியைச் சுற்றி வந்தார்.
கூரையில் முகம் தெரிகிறதா என்று எம்பிப் பார்த்தார்.
மிஞ்சியதை வைத்திருங்கள், கீறல் விழுந்தால் வருவேன் என்றார்.
டப்பாமேல் எழுதினேன்: 418, பச்சை.
“இரண்டு வருடம் தாங்கும்” என்றேன், எல்லாரிடமும் சொல்வதுபோல்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
அவர் சிரித்தார். “அப்போ கார்தான் முந்தும்.”

ஜூலையில் ஒரு கீறலும் இல்லாமல் போனது அது.
இழுவை வண்டி ஓட்டும் ரோஸ்லான் சொன்னார்,
கிடங்கில் பளு தூக்கி ஓட்டுபவர்
கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு
“இதையா?” என்று இரண்டு தரம் கேட்டாராம்.

இன்று இருப்புக் கணக்கு.
அதற்கு வாங்கிய ஹார்டனரில் மிச்சம் கல்லாகி
அபாயக் கழிவு டிரம்முக்குப் போய் வெகுநாளாகிறது.
418-ஐத் திறந்தேன். குச்சி விட்டேன்.
முதலில் வெறும் கசடு.
பிறகு அடியிலிருந்து, வெள்ளித் துகள் சுழல,
அதே பச்சை.
அடிக்க ஒரு கதவு கிடையாது.

மூடியில் தேதி போட வேண்டும்.
பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன்.
வாளி நிரம்பிவிட்டதென்று
எந்திரம் கத்துகிறது.